தனுஷ்கோடி ரயில் நிலைய இடிபாட்டை எப்படிக் காப்பது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். நான் மண்டபத்தில் வசிக்கிறேன். சென்ற வாரம் தனுஷ்கோடியில் பழைய ரயில் நிலைய இடிபாட்டை ஒட்டி நிற்கும் சுவரொன்றைத் தொட்டபோது, உப்புப் பூத்த காரை மாவாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. கல்லில் பவளத்தின் பூக்கோடுகள் அப்படியே தெரிந்தன. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், போட் மெயில் ரயிலில் வந்து இங்கே கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போனவர்களில் என் தாத்தாவும் ஒருவர். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த நிலையத்தைப் பழையபடி எழுப்ப இயலுமா? சிமெண்ட் பூசியாவது இருப்பதை நிலைநிறுத்தலாமா?

பதில் 1:
ஐயா, சிமெண்ட் மட்டும் வேண்டாம். பழைய கட்டடங்களின் சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால், உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி முகப்பைப் பெயர்த்துத் தள்ளும். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பை ஆற்றுமணலும் நல்ல தண்ணீரும் சேர்த்துக் குழைத்து, இணைப்புகளில் மட்டும் அடைக்க வேண்டும். நம் கொத்தனார்கள் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரையும் சேர்த்தவர்கள். கச்சான் எனும் மேற்குக் காற்றில் காரை வேகமாகக் காய்ந்து வெடிக்கும் என்பதால், பூசிய இடத்தை ஈரச் சாக்கால் மூடி வைப்பது மிக முக்கியம்.

பதில் 2:
தம்பி சொன்னது சரி. புதிதாக எழுப்புவதை நான் ஏற்கவில்லை. பவளம் இன்று வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருப்பதால் அந்தக் கல்லை இனி எடுக்க முடியாது. வேறு கல்லால் கட்டினால் அது இன்னொரு கட்டடமே. அந்த இரவில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் கடலில் போன இடம் அது. 2019-இல் ராமேஸ்வரம்–தனுஷ்கோடி புதிய ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டியபோதும் என் மனம் பழைய சுவர்களிடமே நின்றது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்து ரயில் ஓட்டினார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் கைவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பூச்சு வேலைக்கு அனுமதி கேட்டு மனு எழுதுகிறேன். அதற்கு முன், சுவர்மேல் ஏறிப் படம் எடுப்பதைத் தடுக்க வேலியும், ஒவ்வொரு சுவரின் அளவும் கல்வரிசையும் பதிவாகும் வரைபடமும் கேட்கப் போகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அளவெடுக்க வர விரும்புவோர் இங்கே தெரிவியுங்கள்.