கண் அனிமேஷன் பாடங்கள்: எங்கே பிசகுகிறது?

உடற்கூறியல் ஆசிரியர்:
அனிமேட்டர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது படம் அல்ல, அளவு. விழிக்கோளம் முன்பின்னாகச் சுமார் 24 மி.மீ. சுழலும் மையம் கார்னியா (கண்ணின் முன்பக்க ஒளிபுகும் படலம்) உச்சியிலிருந்து ஏறக்குறைய 13.5 மி.மீ. உள்ளே. லிம்பஸிலிருந்து (கார்னியா வெண்விழியோடு சேரும் விளிம்பு) ரெக்டஸ் தசைகள் (கண்ணைத் திருப்பும் நான்கு நேர்த்தசைகள்) ஒட்டும் தூரம், மி.மீ. கணக்கில்: மீடியல் (மூக்குப் பக்கம்) 5.5, இன்ஃபீரியர் (கீழ்) 6.5, லேட்டரல் (வெளிப்பக்கம்) 6.9, சுப்பீரியர் (மேல்) 7.7. இதைவிட முக்கியம் கோணம். சுப்பீரியர் ரெக்டஸ், பார்வை அச்சுக்குச் சுமார் 23 டிகிரி சாய்ந்து இழுக்கிறது. அதை நேர் பின்னால் வரைந்துவிட்டால், அந்தத் தசை கண்ணை உயர்த்துவதோடு ஏன் உள்பக்கமும் திருப்புகிறது என்பதை எத்தனை முறை ஓட்டிக் காட்டினாலும் புரியவைக்க முடியாது.

அனிமேட்டர்:
சார் சொன்ன அளவுகளோடு ரிக் (மாடலை அசைக்கும் உள்கட்டமைப்பு) பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். தசையைத் தொடக்கத்திலிருந்து ஒட்டும் இடம்வரை நேர்கோடாகப் போட்டால், கண் திரும்பும்போது அது கோளத்துக்குள் புகுந்துவிடும். கோளத்தின் மேற்பரப்பைச் சுற்றி வந்து, தொடுகோடாகப் பிரிய வேண்டும். மேல் சாய்தசையான சுப்பீரியர் ஆப்ளிக்கில்தான் தவறு அதிகம். அதன் இழுவிசைக்கு ட்ராக்லியாவே (தசைநாண் வளைந்து திரும்பும் கப்பி) தொடக்கப் புள்ளி. அதை எலும்போடு பிணைக்கணும், கண்ணோடு பேரண்ட் செய்தால் கண்ணோடு சேர்ந்து சுற்றும், கப்பி என்கிற கருத்தே போச்சு. அங்கிருந்து தசைநாண் பின்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் ஓடி, கோளத்தை முன்பாதி, பின்பாதி என்று பிரிக்கும் நடுக்கோட்டுக்குப் பின்னால் ஒட்டுகிறது. பின்பாதியை மேலே இழுப்பதால்தான் முன்பாதி கீழே இறங்குகிறது. இதை மேலிருந்து ஒரு கேமரா வைத்துக் காட்டினால் போதும், பாதி விளக்கம் மிச்சம்.

கண்ணைக் கிடைமட்டம், செங்குத்து என்று வரிசையாகச் சுழற்றினால் மூலைப் பார்வையில் பொய்யான முறுக்கம் வரும். குவாட்டர்னியனில் (சுழற்சியை ஒரே அச்சு, ஒரே கோணமாகக் குறிக்கும் முறை), நேர்ப் பார்வையிலிருந்து ஒரே சுழற்சியாகக் கொண்டுபோங்கள்.

கண் மருத்துவ ஆசிரியர்:
லென்ஸ் பாடத்துக்கும் ஒரு எச்சரிக்கை. "தசை சுருங்கினால் லென்ஸை இழுக்கும்" என்று மாணவர் நினைப்பது சகஜம். நடப்பது நேர்மாறு: கிட்டப் பார்க்கும்போது லென்ஸைச் சுற்றியுள்ள சிலியரி தசை வளையம் சுருங்கிச் சிறிதாகிறது, லென்ஸைத் தாங்கும் ஸோன்யூல் இழைகள் தளர்கின்றன, லென்ஸ் தன் மீள்தன்மையால் உருண்டையாகிறது. இதை ஸ்கேல் கட்டளையால் செய்யாதீர்கள், லென்ஸ் வீங்குவதுபோல் ஆகும். தடிமன் கூடும்போது விட்டம் குறையணும். முன்பக்கம்தான் அதிகம் புடைக்கும். அதே நேரத்தில் பாப்பாவும் (கண்மணியின் நடுத்துளை) சுருங்கணும், இரு கண்களும் உள்நோக்கிக் குவியணும்.

டார்ச் ஒளியை இரு கண்களுக்கும் மாறி மாறிக் காட்டும் ஊசலாட்டச் சோதனையில் ஒரு பாப்பாவை மட்டும் அசைப்பது அடுத்த பிழை. ஒளி பழுதான கண்ணுக்கு மாறும்போது இரண்டு பாப்பாக்களும் விரியும். ஒவ்வொரு கண்ணிலும் ஒளியை 2, 3 விநாடி நிறுத்துங்கள்.

அனிமேட்டர்:
நிஸ்டாக்மஸுக்கு (கண் தானாக மெதுவாக நகர்ந்து, வேகமாகத் திரும்பும் துடிப்பு) விநாடிக்கு 25 ஃபிரேம் போதாது. ஒரு ஃபிரேமே 40 மில்லிவிநாடி. வேகக் கட்டம் ஓரிரு ஃபிரேமில் முடிந்து வெறும் குதிப்பாகத் தெரியும். 60-ல் எடுத்து, பக்கத்திலேயே கால் வேகத்திலும் ஓடவிடுங்கள்.