விண்டோஸ் 10 நின்னு போச்சு: டிடிபி கடைக்கு லினக்ஸா, புது மெஷினா?

மஞ்சை டிடிபி, கடலூர்

வணக்கம். மஞ்சக்குப்பத்துல டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, பில் புக்னு எல்லா வேலையும் வரும். ரெண்டு கம்ப்யூட்டர், ரெண்டுமே இன்டெல் ஐ3 பிராசஸர். ஒண்ணு நாலாவது தலைமுறை, இன்னொண்ணு ஆறாவது. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு அப்டேட் நிறுத்திட்டாங்க. 11 போடலாம்னா எட்டாவது தலைமுறையாவது இருக்கணும், டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் வேணும்னு சொல்லுது. மெஷின் ரெண்டும் நல்லாத்தான் ஓடுது, தூக்கிப் போட மனசு வரல. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டா எல்லாம் சரியாயிடும்னு ஒருத்தர் சொல்றார், போட்டா கடையை மூட வேண்டியதுதான்னு இன்னொருத்தர். நான் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7-லயும், படம் வரையற கோரல்லயும்தான் வேலை பண்றேன். மார்கழி பொறந்தா தை முகூர்த்தத்துக்கு மேட்டர் வந்து குவிஞ்சுடும். அதுக்குள்ள முடிவு எடுக்கணும்.

பாண்டி பைத்தான், லாஸ்பேட்டை

அண்ணா, அவசரப்பட்டுப் புதுசு வாங்காதீங்க. 2015-ல வந்த விண்டோஸ் 10 இத்தனை வருஷம் அதே மெஷின்லதானே ஓடுச்சு? இப்ப அது தகுதி இல்லாம போனதுக்கு மெஷின் காரணம் இல்ல. மைக்ரோசாஃப்ட் கம்பெனி ஒரு கோடு போட்டுச்சு, நீங்க அதுக்கு அந்தப் பக்கம் நிக்கறீங்க, அவ்வளவுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டின்னு வேகமான டிஸ்க் மாட்டுங்க, ராமை 8 ஜிபி ஆக்குங்க, லினக்ஸ்ல ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 போடுங்க. 2029 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும், ஒரு பைசா கிடையாது. தமிழ்99 விசைப்பலகையிலயே அடிக்கலாம். கேரளாவுல அரசுப் பள்ளிக்கூடப் பசங்களே லினக்ஸ்லதான் படிக்கிறாங்க. நம்மால முடியாதா?

முதுநகர் அக்கா

தம்பி, பள்ளிக்கூடம் வேற, கடை வேற. அங்க இன்னைக்கு பிரின்ட் வரலன்னா நாளைக்கு எடுத்துக்கலாம். எனக்கு கவுண்டர் முன்னாடி பத்து பேர் நிப்பாங்க, அதுல ரெண்டு பேர் பஸ் புடிச்சு கிராமத்துல இருந்து வந்திருப்பாங்க.

நான் ஜெராக்ஸும் ஆன்லைன் அப்ளிகேஷனும் பண்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி பேச்சைக் கேட்டு ஒரு மெஷின்ல லினக்ஸ் போட்டேன். நெட் வேகமாத்தான் இருந்துச்சு, அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா லேசர் பிரின்டரை எடுக்கல. ஒருத்தர் வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்து டிரைவர், அதான் பிரின்டரை ஓட்டுற மென்பொருள், போட்டார். மறுநாள் ஏதோ அப்டேட், திரும்பவும் நின்னுடுச்சு. கைரேகை மெஷினுக்கு டிரைவர் விண்டோஸுக்கு மட்டும்தான் கொடுத்திருந்தாங்க. நாலாவது நாள் விண்டோஸைத் திரும்ப ஏத்திட்டேன். அந்த நாலு நாள்ல எதிர்க்கடைக்குப் போனவங்கள்ல பாதிப் பேர் இன்னும் திரும்பி வரல. இலவசம்னு சொல்றீங்களே, அந்த நாலு நாளுக்கு யார் காசு கொடுத்தா?

பாண்டி பைத்தான்

அக்கா, அது லினக்ஸோட தப்பு இல்ல. டிரைவர் கொடுக்க வேண்டியது பிரின்டர் செஞ்சவங்க.

முதுநகர் அக்கா

யார் தப்புன்னு கஸ்டமர் கேக்க மாட்டார் தம்பி. தாள் வந்துச்சா இல்லையான்னுதான் பார்ப்பார்.

சிப்காட் ஷிஃப்ட்

ரெண்டு பேரும் விட்ட ஒரு விஷயம் சொல்லிடறேன். கம்பெனியில கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்க்குறவன் நான். வீட்டு விண்டோஸ் 10-க்கு பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிச்சுக் கொடுக்கறாங்க. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல நுழைஞ்சு செட்டிங்ஸை பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா காசே இல்லாம கிடைக்கும். அப்டேட் பக்கத்துலயே பதிவு பண்ணிக்கலாம். ஆக அண்ணனுக்கு மார்கழிதான் கெடுன்னு இல்ல, அந்தத் தேதி வரைக்கும் நேரம் இருக்கு. தகுதி சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தர்றேன்னு கடைத்தெருவுல சொல்றாங்களே, அதை நம்பி வேலை மெஷின்ல போடாதீங்க. அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும்னு உத்தரவாதம் இல்லன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கு.

ஓய்வு தமிழாசிரியர், நெல்லிக்குப்பம்

நண்பர்களே, நீங்கள் அனைவரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை கோப்புகளைப் பற்றியது.

கடைக்காரர் பயன்படுத்தும் பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001-இல். அதன் பிறகு புதிய பதிப்பே இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடும் அதற்குத் தெரியாது. எனவே அவரிடம் இருக்கும் தமிழ் முழுவதும் பழைய எழுத்துருக் குறியீட்டில்தான் இருக்கும். அது என்னவென்று ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. பாமினி இருக்கும் வரை நம் கண்ணுக்கு அம்மா தெரிவாள். எழுத்துரு போன அன்று வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் மிஞ்சும். வானவில் எழுத்துரு என்றால் அதற்கு வேறொரு வரிசை. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடையும், டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் ஏற்று ஆணையிட்டுவிட்டது. அச்சகங்கள் இன்னும் அதற்கு மாறவில்லை.

எங்கள் ஊர்க் கோயில் மலர் ஒன்றை நான் தொகுத்தேன். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதிலிருந்து ஒரு கட்டுரையை எடுக்க வேண்டியிருந்தது. குறுந்தகடு இருந்தது, கோப்பு திறந்தது, எழுத்துருதான் இல்லை. அறுபது பக்கங்களையும் அச்சுப் பிரதியைப் பார்த்து மறுபடி தட்டினேன். விண்டோஸ் போடுங்கள், லினக்ஸ் போடுங்கள், எதுவானாலும் சரி. இந்தக் கோப்புகளை மாற்றாமல் விட்டால் இரண்டிலும் ஒரே கதிதான்.

மஞ்சை டிடிபி

ஐயா சொல்றது உண்மை. 2015 மழையில கடைக்குள்ள முழங்கால் தண்ணி. ஒரு சிபியூ போச்சு, அதோட ஒரு ஃபான்ட் தொகுப்பும் போச்சு. அந்த ஃபைல்லாம் இன்னைக்கும் வேற டிஸ்க்குல இருக்கு, திறந்தா கட்டம் கட்டமா தெரியுது.

ஆனா என் பக்கத்தையும் கேளுங்க. பத்திரிகை போட வர்றவங்க வீட்டுல ஏற்கெனவே அடிச்ச பத்திரிகையைக் கையோட எடுத்துட்டு வருவாங்க. "அக்கா கல்யாணத்துக்குப் போட்ட அதே எழுத்து வேணும்"னு கேப்பாங்க. அந்தத் தலைப்பு எழுத்தோட வளைவு, கொம்போட நெளிவு எல்லாம் பழைய ஃபான்ட்டுலதான் இருக்கு. யூனிகோடுல இப்ப நல்ல எழுத்து வந்திருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கஸ்டமர் கேக்குற எழுத்து அது இல்ல. நான் பிடிவாதம் புடிக்கல, என் கை அப்படிப் பழகிடுச்சு. ஒரு பத்திரிகையைக் கால் மணி நேரத்துல முடிக்கிறேன்னா அந்தப் பழக்கத்தாலதான்.

பாண்டி பைத்தான்

அண்ணா, தலைப்புக்கு மட்டும் பழைய எழுத்து வச்சுக்கங்க. அதை படமா மாத்திட்டா எந்த மெஷின்லயும் அப்படியே நிக்கும். உள்ள வர்ற மேட்டர் யூனிகோடுல இருக்கட்டும். ஸ்கிரைபஸ்னு ஒரு இலவச லேஅவுட் மென்பொருள் இருக்கு. 2024 ஜனவரியில வந்த 1.6-ல இருந்து நிலையான பதிப்புலயே தமிழ் யூனிகோடு உடையாம வருது, அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே நிற முறையில பிடிஎஃப்பும் எடுக்கலாம். பழைய பேஜ்மேக்கர் ஃபைலை லிப்ரே ஆபீஸ்ங்கற இலவச ஆபீஸ் மென்பொருள் ஓரளவுக்குத் திறக்கும். அதுல இருந்து எழுத்தை வெளிய எடுத்து யூனிகோடா மாத்த நான் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், எழுதித் தரேன். ஓப்பன் தமிழ்னு பைத்தான் நிரல் மொழிக்கு ஒரு ரெடிமேட் நிரல் தொகுப்பு இருக்கு, அதுல பாமினி மாத்துறதும் இருக்கு. ஒரே ராத்திரியில மொத்த டிஸ்க்கையும் மாத்திடலாம்.

ஓய்வு தமிழாசிரியர், நெல்லிக்குப்பம்

தம்பி, ஒரே இரவில் என்று சொல்லாதீர்கள். 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் முதலில் க, அதன் பின் ஒகரக் குறி. வரிசையை மாற்றாமல் எழுத்துக்கு எழுத்து ஈடு செய்தால் கொம்பு தனியாகத் தொங்கும்.

பாண்டி பைத்தான்

அது தெரியும் ஐயா. நீளமான சேர்க்கையை முதல்ல மாத்தணும், தனி எழுத்தைக் கடைசியா மாத்தணும். அந்த வரிசையிலதான் எழுதியிருக்கேன்.

ஓய்வு தமிழாசிரியர், நெல்லிக்குப்பம்

நல்லது. அழைப்பிதழின் அடியில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் முகவரியும் மண்டபத்தின் பெயரும் இருக்குமே, அவை என்ன ஆகும்?

பாண்டி பைத்தான்

இப்பதான் ஒரு ஃபைலை ஓட்டிப் பார்த்தேன். நீங்க சொன்னது சரி. வெறும் எழுத்தா வெளிய எடுக்கும்போது எது எந்த ஃபான்ட்டுல இருந்துச்சுங்கற தகவல் போயிடுது. அதனால ஆங்கில முகவரியும் தமிழா மாறி அர்த்தமில்லாம நிக்குது. ஃபான்ட் தகவலோட சேர்த்து எடுத்து, துண்டு துண்டா மாத்தணும். ஒரே ராத்திரின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

முதுநகர் அக்கா

இதைத்தான் நானும் சொல்றேன். சொல்றப்ப ஒரு ராத்திரி, உக்காந்தா ஒரு மாசம். மஞ்சை தம்பி, என் யோசனை இதுதான். ஒரு மெஷின்ல நெட் வயரைப் பிடுங்கிடுங்க. பேஜ்மேக்கர், கோரல், பழைய ஃபான்ட் எல்லாம் அதுலயே அப்படியே இருக்கட்டும். நெட் இல்லாத மெஷினுக்கு அப்டேட் எதுக்கு?

பாண்டி பைத்தான்

அக்கா, டிடிபி கடைக்கு வைரஸ் நெட்ல மட்டும் வராது. மாப்பிள்ளை போட்டோவைப் பென்டிரைவ்ல போட்டுக் கொண்டு வருவாங்க. அதே பென்டிரைவ் அதுக்கு முன்னாடி எத்தனை கடையில சொருகியிருக்கும்? 2017 மே மாசம் வான்னாக்ரைங்கற வைரஸ் வந்தப்ப உலகம் முழுக்க மெஷின்கள்ல ஃபைலைப் பூட்டிட்டுக் காசு கேட்டுச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் அதே வருஷம் மார்ச்சுலயே வந்துடுச்சு, அதைப் போடாத மெஷின்கள்தான் மாட்டுச்சு. அண்ணன்கிட்ட இருக்குறது இத்தனை வருஷத்துக் குடும்பங்களோட பத்திரிகை. அது பூட்டிக்கிட்டா திரும்ப எங்க போய் வாங்குறது?

முதுநகர் அக்கா

பென்டிரைவ் விஷயம் நான் யோசிக்கல. அது நியாயம். அப்ப ஒண்ணு பண்ணுங்க. பென்டிரைவையும் வாட்ஸ்அப்பையும் இன்னொரு மெஷின்ல மட்டும் வாங்கணும். அந்த இன்னொண்ணு லினக்ஸா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா பிரின்டரை அதுல மாட்டாதீங்க, அதுல நான் மாற மாட்டேன்.

மஞ்சை டிடிபி

சரி, இப்படிப் பண்றேன். நாலாவது தலைமுறை மெஷினுக்கு எஸ்எஸ்டி மாட்டி லினக்ஸ் போடறேன். மெயில், வாட்ஸ்அப், பென்டிரைவ், பில் எல்லாம் அதுல. ஆறாவது தலைமுறையில விண்டோஸ் 10, சிப்காட் தம்பி சொன்ன மாதிரி நீட்டிச்ச அப்டேட்டுக்குப் பதிஞ்சுக்கறேன். பிரின்டர் அதுலதான். ஸ்கிரைபஸை இந்த சீசன்ல தொட மாட்டேன். தை, மாசி முகூர்த்தம் முடியட்டும், பங்குனியில ஒரு பில் புக்ல கை வச்சுப் பார்க்கறேன்.

பைத்தான் தம்பி, மாத்துற வேலையைப் புதுசா வர்ற மேட்டர்ல இருந்து ஆரம்பிக்கலாமா, பழசுல இருந்தா?

பாண்டி பைத்தான்

பழசுல பத்து ஃபைல் எடுத்து வைங்கண்ணா. வேற வேற ஃபான்ட்டா இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வந்துடறேன்.

ஓய்வு தமிழாசிரியர், நெல்லிக்குப்பம்

நானும் வருகிறேன். ஒன்று மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எல்லா அழைப்பிதழும் 'ஸ்ரீ' என்றுதான் தொடங்கும். யூனிகோடில் அதை ஸ வைத்தும் எழுதலாம், 2005-இல் சேர்த்த ஶ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தேடும்போது ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. உங்கள் நிரல் எதைப் போடுகிறது?

பாண்டி பைத்தான்

பார்த்தேன் ஐயா. ஸ போடுது. ஆனா அண்ணனுக்குப் போன்ல அடிச்சு வர்ற மேட்டர்ல ரெண்டுமே இருக்கு. தேடுறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒண்ணாக்குற வரியை இன்னைக்கே சேர்த்துடறேன்.