ஷவரில் சூடும் குளிரும் சரியாகக் கலக்கவில்லை: டைல்ஸை உடைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி

சென்னை வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் மேல்தளத்தில் வசிக்கிறோம். குளியலறையில் 25 லிட்டர் கீசரும், சுவருக்குள் பதித்த ஒற்றைக் கைப்பிடி டைவர்ட்டரும் (வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து ஷவருக்கு விடும் வால்வு) உள்ளன. ஏழு ஆண்டுகள் தொல்லையில்லாமல் இருந்தது. இரண்டு மாதங்களாகக் கைப்பிடியை வெந்நீர்ப் பக்கம் முழுவதும் திருப்பினாலும் வெதுவெதுப்பான நீர்தான் வருகிறது. ஆனால், சமையலறையில் யாராவது குழாயைத் திறந்துவிட்டால் அதே நீர் சட்டென்று சுடுகிறது. வாஷ்பேசினில் வரும் வெந்நீரும் முன்போல் இல்லை. கீசரின் விளக்கு மட்டும் உரிய நேரத்தில் அணைந்துவிடுகிறது. சென்ற வாரம் 78 வயதான என் தாயார் குளித்துக்கொண்டிருந்தபோது நீர் திடீரெனச் சூடேறி, தோள் சிவந்துவிட்டது. பார்க்க வந்த பிளம்பர், டைல்ஸை உடைத்து டைவர்ட்டர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். அந்த டைல்ஸ் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. வேறு வழி உண்டா?

பதில் 1

உடைப்பதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். கீசரின் மின்சாரத்தை அணைத்து, அதற்குள் தண்ணீர் செல்லும் ஆங்கிள் காக்கை (சுவரில் உள்ள சிறு அடைப்புக் குழாய்) முழுவதும் மூடுங்கள். ஷவரின் கைப்பிடி மூடியே இருக்கட்டும். பிறகு வாஷ்பேசினில் வெந்நீரை மட்டும் திறந்து வையுங்கள். கீசருக்கு நீர் போகாததால் சற்று நேரத்தில் நீர் வருவது நின்றுவிட வேண்டும். நிற்காமல் குளிர்ந்த நீர் தொடர்ந்து வந்தால், சூடும் குளிரும் கலக்கும் ஏதோவொரு குழாய்க்குள் குளிர்நீர் வெந்நீர் லைனுக்குத் தாவுகிறது என்று பொருள். உங்கள் வீட்டில் ஷவர், வாஷ்பேசின் இரண்டிலுமே சூடு குறைந்திருந்தும் கீசரின் விளக்கு உரிய நேரத்தில் அணைவதைப் பார்த்தால், கீசரைவிட டைவர்ட்டருக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜ் என்ற கழற்றக்கூடிய பாகத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம் வலுக்கிறது.

கார்ட்ரிட்ஜுக்குள் இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்து சூட்டையும் அளவையும் தீர்மானிக்கின்றன; அடியில் உள்ள ரப்பர் வளையங்கள் இரண்டு வழிகளையும் பிரித்துவைக்கின்றன. போர்வெல் தண்ணீரின் உப்பு அங்கே படிந்தாலோ வளையம் நைந்தாலோ அந்தப் பிரிவு குலைந்துவிடும். சுவருக்குள் இருக்கும் பித்தளை உடலுக்கு இதில் பெரும்பாலும் பங்கில்லை. கார்ட்ரிட்ஜை முன்பக்கமிருந்தே கழற்றலாம் என்பதால் டைல்ஸைத் தொடவே வேண்டாம்.

குளியலறைக்கு வரும் கேட் வால்வையும் மூடி, குழாயில் மிஞ்சிய நீரை வடித்துவிட்டு, தரையின் வடிகால் துளையைத் துணியால் அடையுங்கள். கைப்பிடியின் சிறு ஸ்க்ரூ அதற்குள் விழுந்தால் தேடி எடுக்க முடியாது. கைப்பிடியின் மூடியை நெம்பி, ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பிடியை உருவுங்கள். உள்ளிருக்கும் பித்தளை நட்டைக் கழற்றினால் கார்ட்ரிட்ஜ் நேராக வெளியே வரும். பழையதைக் கையிலேயே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். 35 மி.மீ., 40 மி.மீ. என இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. விட்டம் ஒன்றாக இருந்தாலும் அடிப்புற முளைகளின் இடம் மாறுபடும். புதியதைப் பொருத்துமுன் உள்ளே படிந்த வெள்ளைப் படிவை வினிகரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை அங்கே ஊற்றவே கூடாது. குரோம் பூச்சு போய்விடும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. சமையலறைக் குழாயைத் திறந்தால் சூடேறுவதற்கு மட்டும் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். மேல்தளத்துக்கும் தொட்டிக்கும் மூன்று மீட்டர் இடைவெளி என்றாலும் 0.3 பாரைத் தாண்டாது. அவ்வளவு மெல்லிய அழுத்தத்தில் குளிர்நீர் லைனைச் சமையலறை பங்குபோட்டால், ஷவரில் வெந்நீரின் கை ஓங்கிவிடும். இதற்காகப் பிரஷர் பம்ப் வைப்பவர்கள் பலர், அதைக் குளிர்நீர் லைனில் மட்டும் இணைத்துவிடுகிறார்கள். அப்போது கதை தலைகீழாகி வெந்நீரே வராது. பம்ப் வைத்தால் கீசருக்குப் போகும் நீரும் அதே பம்ப் வழியாகவே செல்ல வேண்டும்.

வீட்டில் முதியவர் இருப்பதால் இன்னொன்று: கீசரை 60 டிகிரியில் வைத்திருந்தால் உடனே 50க்குக் குறையுங்கள். 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கீசரை மூடிய பிறகும் வாஷ்பேசினில் பத்து நிமிடம் தண்ணீர் நிற்கவே இல்லை. கார்ட்ரிட்ஜைக் கழற்றினோம்: குளிர்நீர்ப் பக்க வளையம் ஓரிடத்தில் நசுங்கிக் கிழிந்திருந்தது, வெந்நீர்த் துளையைச் சுற்றிச் சுண்ணாம்புபோல் நகக்கண் கனத்துக்குப் படிவு இருந்தது. நம்முடையது 40 மி.மீ. முதல் முறை தலைகீழாகப் பொருத்தியதால் சூடும் குளிரும் இடம் மாறிவிட்டன. திருப்பி வைத்ததும் சரியாயிற்று. கீசரையும் 50 டிகிரிக்கு இறக்கிவிட்டேன். அம்மா நேற்று அச்சமில்லாமல் குளித்தார். சமையலறைக் குழாயைத் திறந்தால் இன்னமும் சற்றே சூடு கூடுகிறது, சுடும் அளவுக்கு இல்லை; அதற்குத் தொட்டியிலிருந்து சமையலறைக்குத் தனி லைன் இழுக்கலாமா என்று குடியிருப்புச் சங்கத்தில் கேட்டிருக்கிறேன்.