புதுப்பிப்பு: காரைக்குடி வீட்டு கீசரில் துருத் தண்ணீர், சரியாகிவிட்டது

கீசரைத் திறந்தால் செம்மண் கரைத்தது போல வருகிறது, பச்சைத் தண்ணீர் மட்டும் தெளிவு என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ‘கீசர் தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் ராடைக் கழற்றிப் பாருங்கள்’ என்ற யோசனைதான் பலித்தது.

கரன்ட்டை நிறுத்தி, தண்ணீரை வடித்துக் கழற்றினோம். விரல் தடிமன் இருக்க வேண்டிய ராடில் நடுக்கம்பி மட்டும்தான் மிச்சம். தொட்டிக்குப் பதிலாக அரிபட வேண்டியது அந்த ராடுதான். அது தீர்ந்ததும் துரு தொட்டியைப் பிடித்துவிட்டது. அடியில் ஒரு சொம்புச் சேறு! போர் தண்ணீரின் சுண்ணாம்பும் துருவும் கலந்தது.

எதிர்பாராதது: ஜிஐ எல்போவை (துத்தநாகம் பூசிய இரும்பு வளைவு) செம்புக் குழாயோடு நேராக இணைத்திருந்தார்கள். இரண்டு உலோகமும் நேராகத் தொட்டதால் அந்த மூட்டும் அரித்திருந்தது. அப்புறம் நடுவில் பிளாஸ்டிக் இணைப்பு போட்டோம்.

புது ராடு மாட்டி மூன்று வாரம் ஆகிறது. வெள்ளை வாளியின் அடி தெளிவாகத் தெரிகிறது.