ஃப்ரீசர் கோழியை எப்படி இளக்குவது?

தேவகோட்டை மருமகள்:
நாளை ராத்திரி விருந்துக்கு எட்டுப் பேர். ஒன்றரைக் கிலோ முழுக்கோழி கல்லாகக் கிடக்கிறது. போன தடவை காலையிலேயே எடுத்து முற்றத்தில் வைத்தேன். மேலே சொதசொத, உள்ளே ஐஸ். ஒரு மாதிரி வாடை வேறு. அவ்வளவு மசாலாவும் வீண்.

காரைக்குடி ஆச்சி:
முற்றத்திலா! 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரமே அதிகம் ஆத்தா, கிருமி பெருகிவிடும். இப்போதே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்று. அடியில் குழிவான எவர்சில்வர் தட்டு வை. நான் ஒரு தடவை தட்டு வைக்காமல், சொட்டிய தண்ணீர் விழுந்த ஒரு கிண்ணம் தயிரை வீணாகக் கொட்ட வேண்டியதாயிற்று. கோழி இளக ஒரு நாள் பிடிக்கும்.

தேவகோட்டை மருமகள்:
நாளைக்கும் இளகவில்லை என்றால்?

பள்ளத்தூர்க்காரன்:
கசியாத பையில் கட்டிப் பச்சைத் தண்ணீரில் முக்குங்கள். அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்றணும், இரண்டு மூன்று மணி நேரத்தில் இளகும். மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும், அது ஆகாது, ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள். இளகியதும் உடனே அடுப்பில் ஏற்றிவிடணும்.

காரைக்குடி ஆச்சி:
அப்புறம், குழாயடியில் கழுவாதே. தெறிக்கிற தண்ணீரோடு கிருமி மேடையெல்லாம் பரவும்.