"பூட்" என்பதற்கு ஒரு சொல் வேண்டும்: பழைய மடிக்கணினிக் கையேட்டுக்காக

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய மடிக்கணினி உயிர் பெறாமல் நின்றுவிட்டால் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் நாமே என்னென்ன பார்க்கலாம் என்பதை விளக்கும் பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்றை என் மாணவர்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழக அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளே எங்கள் வகுப்புக்குப் பெரும்பாலும் வருகின்றன; பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டிக் கொண்டுவருகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை கையேடு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். நான் நான்காம் பக்கத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன்.

அந்தப் பக்கத்தில் "மடிக்கணினி தொடங்கவில்லை என்றால்" என்று எழுதியிருந்தேன். விளக்கு எரிகிறது, காற்றாடியும் சுற்றுகிறது, அப்படியானால் தொடங்கிவிட்டது என்றுதானே பொருள் என்று ஒரு மாணவி கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரி. பொத்தானை அழுத்தியதும் மின்சாரம் உள்ளேயுள்ள தாய்ப்பலகைக்கு வருவது ஒரு நிலை. நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று கருவி தன்னைத் தானே சோதித்துக்கொள்வது அடுத்த நிலை. வட்டிலிருந்து இயங்குதளம் (விண்டோஸ், லினக்ஸ் போன்றது) நினைவகத்துக்கு வந்து வேலையைக் கையில் எடுத்துக்கொள்வது அதற்கடுத்த நிலை. இம்மூன்றையும் "தொடங்குதல்" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு அடைத்துவிட்டால் பழுது எங்கே என்று தேடுபவருக்குக் கையேட்டால் ஒரு பயனும் இல்லை. மூன்றாவது நிலையைத்தான் ஆங்கிலத்தில் "பூட்" என்கிறார்கள். எனக்கு அதற்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். கணினி தானே செய்வதைச் சொல்லவும், நாம் அதைச் செய்ய வைப்பதைச் சொல்லவும், அதே வேரிலிருந்து தன்வினையும் பிறவினையும் கிடைக்க வேண்டும்.

பயிற்றுநர், தஞ்சாவூர்

———

தம்பிக்கு வாழ்த்து.

நீங்கள் தேடும் சொல் நம் களத்துமேட்டிலேயே கிடக்கிறது. "பூட்டுதல்" என்று எழுதுங்கள். கதவை அடைத்துத் தாழிடுவதை மட்டும் குறிக்கும் சொல் அன்று அது. பொருத்தி இணைத்து வேலைக்கு ஆயத்தமாக்குவதே அதன் பழம்பொருள். மாட்டை நுகத்தில் பிணைப்பதை வண்டி பூட்டுதல் என்கிறோம். சித்திரையில் முதல் உழவுக்குப் பொன்னேர் பூட்டுகிறோம். வில்லில் நாணேற்றுவதும் பூட்டுதலே. மாடு கொட்டிலில் நிற்கிறது, வண்டி வாசலில் நிற்கிறது. இரண்டையும் பிணைத்த பிறகே பயணம் உண்டு. கருவியும் இயங்குதளமும் அப்படித்தானே? வேலை முடிந்தபின் வண்டியை அவிழ்த்துவிடுகிறோம் அல்லவா, கணினியை அணைப்பதற்கு "அவிழ்த்தல்" என்ற இணைச்சொல்லும் கூடவே கிடைக்கிறது.

இலக்கணமும் இதற்குத் துணை நிற்கிறது. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாக நன்னூல் கூறும் எட்டுப் பொருள்கோள்களில் விற்பூட்டும் ஒன்று. வில்லின் இரு முனைகளையும் நாண் இணைப்பதைப் போலச் செய்யுளின் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் பொருளால் இணைவது அது. அதற்கு உரைகாரர்கள் காட்டும் வெண்பா "திறந்திடுமின்" என்று தொடங்கிக் "கதவு" என்று முடிகிறது. பூட்டு என்றாலே அடைப்பு என்று எண்ணுபவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். திறப்பதற்கான பாட்டுக்குத்தான் நம் முன்னோர் பூட்டு என்று பெயர் வைத்தார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

———

ஐயா, வணக்கம்.

விற்பூட்டு விளக்கத்தைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் பதினைந்து ஆண்டுகளாக மதுரையில் பழுது பார்க்கும் கடை நடத்துபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தச் சொல் பணிமேசையில் ஆபத்தானது. கடவுச்சொல் கேட்டு நிற்கும் மடிக்கணினியை எல்லாரும் "பூட்டிக்கொண்டது" என்றுதான் சொல்கிறார்கள். கையேட்டில் "கணினி பூட்டவில்லை" என்று படிக்கும் பையன் அதைக் கடவுச்சொல் இல்லாத கணினி என்று எடுத்துக்கொள்வான். "கணினியை மீண்டும் பூட்டுக" என்று எழுதினால் மூடி வைத்துவிட்டுப் போவான்.

இதில் நான் கவனித்த இன்னொன்றும் உண்டு. எங்கள் கடைப் பையன்கள் யாரும் "பூட்" என்று நிறுத்துவதில்லை. "பூட்டு ஆகவில்லை" என்கிறார்கள். நோட்டு, ரூட்டு, ரேட்டு என்பதைப் போல இதற்கும் ஓர் உகரம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. பேசும்போது முதல் ஒலி வேறாக இருப்பதால் குழப்பமில்லை. எழுத்தில் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே தூய தமிழ் வழியாக வந்தாலும் கடன்சொல் வழியாக வந்தாலும் அதே பூட்டில்தான் போய் முட்டுகிறோம்.

சொல்லைவிட நிலை முக்கியம் என்று பயிற்றுநர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். சென்ற வாரம் ஒரு கல்லூரி மாணவர் எட்டு ஆண்டுப் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். "ஆன் ஆகவில்லை" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பொத்தானை அழுத்தினேன். வெள்ளை விளக்கு எரிந்தது, காற்றாடி நான்கு விநாடி சுற்றி நின்றது, பிறகு மறுபடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. மின்னேற்றியையும் மின்கலத்தையும் கழற்றிவிட்டுப் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துத் தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றினேன், மாற்றமில்லை. பின்மூடியைத் திறந்து ரேம் என்னும் நினைவகப் பலகையின் இரு பக்கக் கொக்கிகளையும் விரலால் விலக்கினேன். பலகை தானாகச் சாய்ந்து எழுந்தது. அதன் பொன்னிற முனைகள் மங்கிக் கறுத்திருந்தன. பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, சாய்வாகவே செருகிக் கீழே அமுக்கினேன். இரு கொக்கிகளும் ஒரே நேரத்தில் "டக்" என்றன. அடுத்த அழுத்தலில் திரை வந்துவிட்டது. அவர் தன் வட்டு போய்விட்டது என்று முடிவு செய்து புது வட்டுக்குப் பணத்தோடு வந்திருந்தார்.

எங்கள் தொழிலில் இதற்கெல்லாம் ஏற்கெனவே பேச்சு இருக்கிறது. "பவர் வரவில்லை", "டிஸ்ப்ளே வரவில்லை", "ஓ.எஸ். ஏறவில்லை" (அதாவது இயங்குதளம் வரவில்லை) என்று மூன்றாகச் சொல்வோம். முதலாவதற்கு மின்னேற்றியையும் அதன் செருகுவாயையும் பார்ப்போம், இரண்டாவதற்கு ரேமைப் பார்ப்போம், திரையில் கைவிளக்கைச் சாய்வாக அடித்து மங்கலாகப் படம் தெரிகிறதா என்று பார்ப்போம், வெளித்திரையை மாட்டிப் பார்ப்போம், மூன்றாவதற்குத்தான் வட்டு. புதுச்சொல் எதுவானாலும் இந்த மூன்றையும் கலக்காமல் இருந்தால் போதும்.

பழுது பார்ப்பவர், மதுரை

———

அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருள் மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லோடு நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆங்கிலச் சொல்லின் பிறப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நீள்காலணியின் மேல்விளிம்பில் இழுத்து மாட்டுவதற்கென்று ஒரு வார்ப்பட்டை இருக்கும். அதைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது என்ற வழக்கிலிருந்து "பூட்ஸ்ட்ராப்" வந்தது, அது பின்னர் "பூட்" என்று சுருங்கியது. கணினியில் இந்தப் பெயர் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. நினைவகத்தில் ஒன்றும் இல்லாத கணினிக்கு நிரலைக் கொண்டுவரவே ஒரு நிரல் தேவைப்படுகிறது. 1975இல் வந்த ஆல்டேர் 8800 போன்றவற்றில் முகப்பில் இருந்த சிறு நெம்புகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி அந்தச் சிறு நிரலைக் கையாலேயே ஊட்டினார்கள். அது பெரிய நிரலை இழுத்து வந்தது. இன்று அந்தச் சிறு நிரல் பலகையிலுள்ள ஒரு சில்லிலேயே இருக்கிறது.

சிறியது பெரியதைக் கொண்டுவருகிறது என்ற இந்தக் கருத்துக்கு நம் சமையலறையில் ஒரு சொல் இருக்கிறது. இரவில் ஒரு கரண்டி மோரை விட்டால் காலையில் பானைப் பால் முழுவதும் தயிராகிறது. அந்த ஒரு கரண்டியைப் பிரை என்கிறோம். இயங்குதளத்தைக் கொண்டுவரும் சிறு நிரலான "பூட்லோடர்" என்பதை "பிரைநிரல்" என்றும் அந்தச் செயலைப் "பிரையிடல்" என்றும் சொல்லலாம் என்பது என் நெடுநாள் ஆசை. அடிபம்பில் தண்ணீர் எடுக்க முதலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவதும் இதே கருத்துதான். ஆனால் அதற்கு ஒற்றைச் சொல் எனக்கு அகப்படவில்லை.

"துயிலெழுதல்" என்று யாராவது பரிந்துரைக்கும் முன் சொல்லிவிடுகிறேன்: அதைத் தொடவே கூடாது. மூடியைத் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து கணினி தொடர்கிறதே, அதற்கு அச்சொல் வேண்டும். உறக்கத்திலிருந்து விழிப்பது வேறு, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து எழும்புவது வேறு. பழுது தேடும்போது இவ்விரண்டையும் குழப்பினால், உறங்கும் கணினியைக் கெட்டுப்போனது என்று பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

———

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு வரி. பிரை என்ற சொல் எங்கள் பக்கத்தில் உடனே விளங்காது; நாங்கள் உறை என்போம், கடிதம் போடுவதும் உறை, கத்தி வைப்பதும் உறை என்பதால் அதுவும் உதவாது. "தொடங்கு" என்பதற்குப் பிறவினையாகத் "தொடக்கு" என்று எழுதும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பிறப்பு, இறப்பு வீட்டுத் தீட்டை நாங்கள் துடக்கு என்கிறோம். "கணினியைத் தொடக்கவும்" என்று படித்தால் வீட்டிலுள்ள பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்

———

அன்புள்ள குழுவினருக்கு,

மதுரைக் கடைக்காரரின் "ஓ.எஸ். ஏறவில்லை" என்ற தொடரிலிருந்து எனக்கு வழி பிறந்தது. இயங்குதளம் ஏறுகிறது, ஆகவே "தளமேற்றம்" என்று வைத்துக்கொள்ளலாமா? ஏறு, ஏற்று என்று தன்வினையும் பிறவினையும் தெளிவாகப் பிரிகின்றன. "கணினி தளமேறவில்லை" என்றால் கருவி தானாகச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. "விரலியிலிருந்து (பென்டிரைவிலிருந்து) தளமேற்றிப் பாருங்கள்" என்றால் நாம் செய்ய வேண்டிய வேலை. "பூட்லோடர்" என்பது "தளமேற்றி" ஆகிவிடும். எந்த வட்டை முதலில் தேட வேண்டும் என்ற அமைப்பைத் "தளமேற்ற வரிசை" எனலாம். பலகையிலுள்ள சி.ஆர். 2032 காசுக்கலம் தீர்ந்துபோய் நாள், நேரத்தோடு அந்த வரிசையும் மாறிவிட்ட பழைய கருவிகளைப் பற்றி ஒரு பக்கமே எழுதியிருக்கிறேன். அங்கே இந்தச் சொல் உறுத்தாமல் உட்காருகிறது.

முதல் நிலையை "மின்வரவு" என்றும், இரண்டாவதைத் "தற்சோதனை" என்றும் எழுதியிருக்கிறேன். தன் என்பதன் னகரம் வல்லினத்தின் முன் றகரமாவது தற்காப்பு, தற்பெருமை போன்றவற்றில் நாம் அறிந்ததே. சோதனை வடசொல்லாயிற்றே என்று ஐயா கேட்பார்; கேட்கட்டும். தற்சோதனையில் தவறினால் கருவி எழுப்பும் "பீப்" ஒலிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள் என்ற வரியில் மாணவருக்குத் தடங்கல் இருக்கக் கூடாது.

பயிற்றுநர், தஞ்சாவூர்

———

தம்பி,

தற்சோதனைக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. வடசொல்லையும் தமிழ் எழுத்தில் அமைத்துக்கொள்ளத் தொல்காப்பியரே எச்சவியலில் இடம் கொடுத்திருக்கிறார். என் மறுப்பெல்லாம் "தளம்" மீதுதான். கட்டடக்காரருக்குத் தளம் என்றால் மாடித்தளம். உங்கள் மாணவருக்கோ இணையதளம். "பதிவேற்றம்" என்று ஏற்கெனவே ஒரு சொல் புழங்கும்போது, "தளமேற்றம்" என்றால் எதையோ இணையதளத்தில் ஏற்றுவது என்றுதான் முதலில் தோன்றும். பூட்டுதலில் ஒரு குழப்பம் என்றால் இதிலும் ஒன்று இருக்கிறது. குழப்பம் எப்படியும் உண்டு என்றாகிவிட்ட பிறகு, ஈராயிரம் ஆண்டு வேருள்ள சொல்லை எதற்காகக் கைவிட வேண்டும்? கைவிளக்கு அடித்துத் திரையைப் பார்ப்பதைப் போலச் சொல்லையும் சற்றுச் சாய்த்துப் பாருங்கள், உள்ளே படம் தெரியும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

———

ஐயா,

குழப்பத்திலும் தரம் உண்டு என்பது என் பணிவான கருத்து. "தளமேற்றம்" என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டவர் ஒரு கணம் விழித்துவிட்டு அடுத்த வரியைப் படிப்பார். "பூட்டுக" என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டவர் கையால் எதையாவது செய்துவிடுவார். கையேட்டில் இரண்டாவது வகைப் பிழை வரக் கூடாது. பிரைநிரலை நான் விட்டுக்கொடுக்கிறேன், மனமில்லாமல்தான்.

மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

———

அன்புள்ள குழுவினருக்கு,

வியாழன் இரவு பதினொன்று ஆகிவிட்டது. நேரடியாகவும் தனிமடலிலும் கருத்துச் சொன்னவர்களில் ஐவர் தளமேற்றத்துக்கு இசைந்தார்கள். அவர்களில் இருவர் வேறு வழியில்லை என்றே இசைந்தார்கள். கையேட்டில் முதன்முறை வரும் இடத்தில் "தளமேற்றம், அதாவது பூட் ஆதல்" என்று எழுதி, அடுத்தடுத்த இடங்களில் தளமேற்றத்தை மட்டும் போட்டிருக்கிறேன். ஐயாவின் மறுப்பை அவர் பெயர் குறிப்பிடாமல் முன்னுரையில் நான்கு வரியில் சேர்த்திருக்கிறேன். பொன்னேர் பூட்டுவதைப் பற்றி அவர் எழுதியதை அப்படியே வைத்திருக்கிறேன்.

இன்று மாலை நான்காம் பக்கத்தை இரண்டு மாணவர்களிடம் கொடுத்து, திரை வராத கருவி ஒன்றையும் முன்னே வைத்தேன். ஒருவர் மின்வரவு, தற்சோதனை, தளமேற்றம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே படித்து, நேராக ரேம் மூடியின் திருகாணிக்குப் போய்விட்டார். மற்றவர் தாளிலிருந்து நிமிர்ந்து, "எந்தத் தளம், சார்?" என்று கேட்டார்.

பயிற்றுநர், தஞ்சாவூர்