லீவரை இழுக்குற வேலைதானா?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை சொந்தங்களுக்கு வணக்கம்.

ஆண்டு மலருக்கு யாரைப் பத்தியெல்லாம் எழுதலாம்னு பேச்சு வந்தப்போ, "ஹார்பர்ல கிரேன் ஓட்டினவங்களைப் பத்தி எழுத என்ன இருக்கு, லீவரை இழுக்குற வேலைதானே?"ன்னு தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். கோபமெல்லாம் இல்ல தம்பி. ஆனா என் தாத்தா ரிட்டயர் ஆகிற வரைக்கும் செஞ்சது அந்த வேலைதான். அதனால பதில் சொல்லியாகணும்.

1964-ல சென்னை ஹார்பர்ல ஜவஹர் டாக் (கப்பல் நிறுத்திச் சரக்கு இறக்குற துறை) திறந்த காலத்து ஆள் அவர். அப்போ மூட்டை, இரும்பு, மிஷின் பெட்டி எல்லாமே ஸ்லிங்லதான், அதாவது சரக்கைச் சுத்திக் கட்டித் தூக்குற கயித்துலதான் இறங்கும். கேபின்ல இருக்குறவருக்குக் கப்பலோட அடிவயிறு தெரியாது. ஹேட்ச் வாயில (கப்பல் தளத்துல சரக்கு போய்வர்ற திறப்பு) நிக்கிற சிக்னல்மேனோட கையும், "ஆரியா, ஆரியா"ங்கிற சத்தமும்தான் கண்ணு. சரக்கை ஒரு ஜாண் தூக்கி நிறுத்துவாராம். ஸ்லிங் சமமா இறுகியிருக்கா, ஒரு பக்கம் சாயுதான்னு பார்த்த பிறகுதான் மேல. கொக்கி சரக்குக்கு நேர் மேல இல்லாம தூக்கினா, தரையை விட்ட நொடியே அது பக்கவாட்டுல பாயும். பாயுற இடத்துல ஆள் நிப்பான்.

1983-ல கன்டெய்னருக்கென்றே தனி முனையம் வந்தது. நாட்டிலேயே முதல்னு பெருமையாச் சொல்லுவார். உண்மையான வித்தையைக் கத்துக்கிட்டதும் அங்கதானாம். பெட்டியை மேல இருந்து பிடிக்கிற சட்டம்தான் ஸ்பிரெட்டர். அதோட நாலு மூலைப் பூட்டும் பெட்டியோட நாலு மூலை ஓட்டையில ஒரே சமயத்துல உக்காரணும். மேல கயித்தைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடுற ட்ராலியை நிறுத்தினாலும் கீழ பெட்டி நிக்காது, ஊஞ்சலாட்டம் முன்னால போகும். அது முன்பக்கம் போய்த் திரும்புற நேரத்துக்குச் சரியா, ட்ராலியைக் கொஞ்சம் முன்னால தள்ளி அதோட தலைக்கு மேல கொண்டு போய் நிறுத்தினா ஆட்டம் அடங்கிடும். கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ இன்னும் ஆடும்.

நிறைஞ்ச நாற்பதடிப் பெட்டி 30 டன் வரைக்கும் வரும். பயமா இருக்காதான்னு கேட்டா, "டன்னு கணக்கு இன்ஜினீருங்க பாத்துப்பானுங்க. கயிறு எவ்ளோ வுட்டிருக்கேன்னுதான் நான் பாக்கணும்" என்பார். காலேஜ்ல பெண்டுலம் படிச்சப்பதான் எனக்கு அது விளங்குச்சு. 25 மீட்டர் கயித்துல ஒரு முழு ஆட்டத்துக்குப் பத்து வினாடி, 9 மீட்டர்னா ஆறு. பெட்டி காலியா நிறைஞ்சதாங்கிறது அதுல வராது. பாதி இறக்கத்துல கயித்து நீளம் மாற மாற அந்தத் தாளமும் மாறிக்கிட்டே இருக்கும், கடல்காத்து வேற. இதையெல்லாம் ஃபார்முலா தெரியாத மனுஷன் கையிலயே வெச்சிருந்தார்.

கஷ்டத்தையும் சொல்லணும். கால் இடுக்கு வழியா கீழயே பார்த்துப் பார்த்துக் கழுத்து போயிடுச்சு. ஏணி இறங்கி ஒண்ணுக்குப் போய்வர முடியாதுன்னு ஷிஃப்ட்ல தண்ணியே குடிக்க மாட்டார். ஆயா அதுக்குத் திட்டாத நாள் கிடையாது. இவ்வளவு பெரிய மிஷினை ஓட்டினவர் கடைசி வரைக்கும் சைக்கிள் கத்துக்கலைங்கிறது வேற கதை!

கோர்ட் உத்தரவால 2011-ல நிலக்கரி இறக்குறது நின்னப்போ, கொடியில துணி கருப்பாகாதுன்னு ஆயா சர்க்கரைப் பொங்கல் வெச்சாங்க. தாத்தா ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசலை.

உங்க வீட்டுலயும் ஹார்பர் ஆள் இருந்திருந்தா எந்த டாக், என்ன மிஷின், யார்கிட்ட கத்துக்கிட்டார்னு எழுதி அனுப்புங்க. விஞ்ச் ஓட்டினவங்க, சிக்னல் காட்டினவங்களும் சேர்த்திதான். நல்ல போட்டோ இல்லைன்னு தயங்காதீங்க. எங்ககிட்ட இருக்குறதும் பாஸ்ல ஒட்டின, மூலையில சீல் விழுந்த சின்னப் படம்தான், அதையே போட்டுக்கலாம்.

அன்புடன்,
கல்மண்டபத்துப் பேத்தி, இப்போ ஷார்ஜா